ஜெபக்குமாரின் அசனத்துச் சோடா

பாளையம்பட்டியில் ஜெபக்குமாரைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்ததற்காகப் பெருமைப்பட்டவரும் கிடையாது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேலை கிடைக்கவில்லை என்று ஊர் சொன்னது. தன் தகுதிக்கேற்ற வேலை இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி. சாயங்காலமானால் வீட்டு முன்னறையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூசன். கையில் பிரம்பு, வாயில் டால்டன் விதி. "வினைபுரியாத வாயுக்களின் கலவையில் மொத்த அழுத்தம், ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தங்களின் கூடுதலுக்குச் சமம்." ஒரு சொல் பிசகினால் உள்ளங்கை பழுத்துவிடும். அடுப்படியில் இருந்த மனைவி ரெஜினாவுக்கே அது மனப்பாடம்.

எண்பத்தாறில் ஜெபக்குமார் சொந்தமாகக் கோலி சோடா கம்பெனி ஆரம்பித்தார். கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடு கேஸையும் கலக்கும் ஓர் இரும்புத் தொட்டி, அதன் தலையில் அழுத்தம் காட்டும் மீட்டர். மீட்டரைத் தினமும் துடைப்பது முதலாளி. பாட்டில் கழுவுவது ரெஜினா.

அவளுக்குப் பிறந்த ஊர் பாலவனத்தம். அண்ணன் ஆஸ்டின் அங்கே சர்ச் சபைக் கமிட்டியில் முக்கியமானவர். தங்கச்சி புருசன் வெறும் வாய்ச்சவடால் என்பது அவர் எண்ணம். ஒரே ஒரு தடவையாவது அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டிவிட வேண்டுமென்று ரெஜினா தவித்தாள். அறுப்புப் பண்டிகைக்கு சர்ச்சில் ஊருக்கே போடும் விருந்தான அசனத்துக்குச் சோடா எங்கே எடுப்பது என்ற பேச்சு வந்ததும் பஸ் ஏறிப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"இந்த ஒரு தடவ எங்களுக்குக் குடுங்கண்ணே. நான் சொல்றேன்ல."

"ஒன் மொகத்துக்காகத்தான்" என்றார் ஆஸ்டின்.

அந்த ஊரில் கறிச்சோறு தின்று, சோடா குடித்து, ஏப்பம் விட்டு எழுந்தால்தான் அசனம் சாப்பிட்டதாகக் கணக்கு.

அசனத்துக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து வர வேண்டிய கேஸ் சிலிண்டர் வரவில்லை. பழையதில் கொஞ்சம்தான் மிச்சம்.

"இருக்கிற கேஸுக்குத் தக்கன பாட்டில் போடுங்க. மிச்சத்த அருப்புக்கோட்டையில வாங்கிக்கிருவோம்" என்றாள் ரெஜினா.

"அடுத்தவன் சோடாவ நான் எறக்குறதா?"

பக்கத்தில் உக்கிரபாண்டியின் பஞ்சர் கடை. அங்கே லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை ஜெபக்குமார் இழுத்து வந்து தொட்டியில் மாட்டினார். காற்று ஏற ஏற மீட்டரின் முள்ளும் ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"பாத்தியா? வேண்டிய பிரஷரு வந்திருச்சு."

"அது வெறுங்காத்துல்லங்க?"

"கேஸும் ஒரு காத்துதான். சயின்ஸு தெரியாதவ பேசக்கூடாது."

சயின்ஸு தெரிந்தவர் விடிய விடியப் பாட்டில்களில் அடைத்தார். முள்ளுக்கு என்ன தெரியும்? உள்ளே எதன் பங்கு எவ்வளவு என்று அது பார்க்குமா? மொத்தத்தைத்தான் காட்டும். தண்ணீரில் கரைந்து நாக்கைச் சுள்ளென்று பிடிப்பது கேஸ். அதன் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் கரையும். வெறுங்காற்று எவ்வளவு முட்டினாலும் பெரிதாகக் கரையாது. இத்தனை வருசமாக இவர் பிள்ளைகளை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்ததும் இந்தப் பங்குக் கணக்கைத்தான்.

மறுநாள் அசனப் பந்தலில் கோலிகள் டப் டப்பென்று இறங்கின. ஜெபக்குமார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ரெஜினா பாட்டிலுக்குள் பார்த்தாள். பேருக்குக்கூட நுரை இல்லை.

"ஏலே, ஒனக்கு ஏப்பம் வருதா?"

"தண்ணிதாம்லே குலுங்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. ஆஸ்டின் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள."

தங்கச்சி பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெபக்குமார் காரணம் கண்டுபிடித்துவிட்டார்: பாலவனத்தத்துக்காரர்களுக்கு நாக்கு செத்துவிட்டது.

அடுத்த நாள் டியூசன் வழக்கம்போல நடந்தது. ஒரு பிள்ளை "கூடுதலுக்கு" என்ற இடத்தில் தடுமாறினாள். பிரம்பு உயர்ந்தது. மிஞ்சிய பாட்டில் ஒன்றோடு ரெஜினா உள்ளே வந்து, அவர் மேசையிலேயே வைத்துக் கோலியைக் குத்தினாள். டப்.

"இதக் குடிங்க. குடிச்சு ஒரு ஏப்பம் விட்டுட்டு, பெறகு அவள அடிங்க."

பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று முழுசும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டி நின்ற பிள்ளை, மெல்ல அதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.