கோடால்பின் குதிரை பிறந்தது எங்கே?

2006, மே மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். புதுவாயல் கூட்டுச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினேன். ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர் கூட்டத்தைத் தாண்டி, பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்றைப் பார்க்க, பெரியபாளையம் போகும் ஷேர் ஆட்டோவைப் பிடித்தேன்.

"குதிரைப் பண்ணையா? நம்ம ரூட்டுதான், குந்து சார்," என்றார் ஓட்டுநர்.

பண்ணை, பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து நசீர் பாயுடையது. அவர் அறைச் சுவரில் ஒரு கறுஞ்சிவப்புக் குதிரையின் படம் இருந்தது. கோடால்பின் என்ற ஆங்கிலேயப் பிரபுவிடம் இருந்த கோடால்பின் அரேபியன். இன்றைய பந்தயக் குதிரைகளின் தந்தைவழி மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. அவற்றில் இது ஒன்று. முந்நூறு ஆண்டு நெருங்கியும் அது பிறந்த இடம் பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை.

இங்கேயும் ஓயவில்லை. "ஏமன்ல பொறந்த அசல் அரபி. பேர்லயே கீதே, இன்னா டவுட்டு?" என்றார் பாய்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த கால்நடை மருத்துவர் வசந்தா விடவில்லை. "பேரு யார் வேணா வைக்கலாம் பாய். துனிசுலேர்ந்து வந்த குதிரை. கழுத்து வளைவைப் பாருங்க. அது பார்ப், வட ஆப்பிரிக்க ஜாதி."

அப்போது லாயத்திலிருந்து குரல் வந்தது: "ராணி படுத்துக்கிச்சு!"

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். சினையாயிருந்த ராணியோ நல்ல வெயிலில் வலியெடுத்துப் புரண்டது. குட்டியின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. இன்னொன்று உள்ளே மடங்கியிருந்தது.

"போன வருசமே ஒண்ணு போயிடுச்சு டாக்டரம்மா..." பாய் புலம்பினார்.

"பேசாதீங்க. ராணி தலையைப் புடிச்சிக்குங்க."

வசந்தா தோள்வரை கையை உள்ளே விட்டார். வலி தணியும் நேரம் பார்த்துக் குட்டியைப் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தினார். அடுத்த வலியில் குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, விலாவை வைக்கோலால் பரபரவெனத் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். குட்டி தும்மியது.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்ன பார்பே இருக்கட்டும்மா."

"வேணாம் பாய், உங்க அரபியே இருக்கட்டும்," என்றார் வசந்தா, கையைக் கழுவிக்கொண்டே.

ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நான்கு கால்களையும் நாலு பக்கம் பரப்பி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஈரம் காயாத அந்த உடம்பு நடுங்கியபடி நின்றது.

மாலையில் ஊர் திரும்பினேன். சென்னைப் பந்தயத் திடலில் எத்தனையோ குதிரைகள் பறப்பதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். ஒரு குதிரை வெறுமனே நிற்பதைப் பார்த்துக் கைகூப்பியது அன்றுதான்.