மணியில்லாத கிடாரி

ஸென்ஸிக்கு வாய் கொஞ்சம் நீளம். டிரோல் மலையில் மூன்று குளங்களுக்குப் பக்கத்துக் குடிலில் அவள், அருவிக்குக் கீழே நான். கோடை முழுக்க ஊராரின் மாடுகளை மேய்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கோடையில் ஒரு மாடும் சாகாவிட்டால்தான் மந்தைக்குப் பூமுடி சூட்டி ஊருக்கு இறக்குவோம். போன வருடம் அருவிப் பாறையில் ஒரு பசு வழுக்கி விழுந்து செத்தது. மொட்டைத் தலை மாடுகளோடு ஸென்ஸி தெருவில் நடந்தாள். ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் மலையேறவே மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இந்த வருடம், இறங்குவதற்கு முந்தின நாள் மதியம், மேய்ச்சல் மணிகளைக் கழற்றிவிட்டு ஊர்வலத்துக்கான பெரிய மணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபால்கா என்ற கிடாரியின் கழுத்திலிருந்து சின்ன மணியைக் கழற்றியதும் அடுப்பில் பால் தீய்ந்த வாசம். உள்ளே ஓடித் திரும்பினால் கிடாரியைக் காணோம். மூடுபனி வேறு இறங்கிவிட்டது. பனியில் நாங்கள் மாட்டைத் தேடுவது காதால்தான்.

அவள் கூவிய கூவலில் நான் மேலே ஓடி வந்து, நேரே அருவிப் பக்கம் திரும்பினேன்.

"அங்க ஏன்டா போற? அந்த இரைச்சல்ல அது கத்தினாலும் உனக்குக் கேக்காது."

"விழுந்து கிடந்தா?"

"உன் வாயக் கழுவு, விகில்."

ஃபால்காவின் தாய்ப்பசுவை அவிழ்த்து, கிடாரி பதில் கத்தினால் காதில் விழட்டும் என்று அதன் பெரிய மணிக்குள் புல்லைத் திணித்து ஊமையாக்கி, குளங்களின் பக்கம் ஓட்டினாள். முதல் குளத்தில் தாய் கத்தியது. பதில் இல்லை. ஸென்ஸியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது குளத்திலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில், தண்ணீருக்குள்ளிருந்து மெலிதாக ஒரு "ம்மா".

வயிறு நனைய நின்றுகொண்டிருந்தது ஃபால்கா. ஸென்ஸி பூட்ஸோடு குளிர்ந்த நீரில் இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சனியனே, உன் தோலை உரிக்கிறேன் பாரு," என்று சொல்லிச் சொல்லி முத்தமிட்டாள். நானும் அப்பாடா என்று ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பூமுடிகளோடு இறங்கினோம். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். தேவாலயத்தை நெருங்கும்போது தாய்ப்பசு எட்டி, ஃபால்காவின் முடியிலிருந்து பாதிப் பூவைத் தின்றுவிட்டது.

"ஸென்ஸி, பூவெல்லாம் போச்சு," என்றேன்.

"தின்னுட்டுப் போகட்டும் விடு," என்றாள். "மாடு இருக்குல்ல."