எண் இல்லாத சட்டை

இஸ்திரிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில், தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறையில் முப்பத்தொரு வருஷம் நின்று ஊரார் சட்டையை எல்லாம் தேய்த்துத் தள்ளிய மனிதர். தனக்கென்று கடையில் ஒரு சட்டை வாங்கியதில்லை. கல்யாணத்துக்குக்கூட அண்ணன் சட்டையைத்தான் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

தங்க வந்தவர்கள் சலவைக்குப் போட்டதை மறந்துவிட்டு ஊர் போய்ச் சேர்வார்கள். ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் கூடத்து ஆட்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் காலரின் உள்பக்கம் அறை எண்ணை மையால் எழுதியிருப்பார்கள். எந்தச் சோப்புக்கும் அசையாத மை அது. ஆக, நம் ஆள் ஒரு நாள் முன்னூற்று ஏழு, மறுநாள் ஐந்நூற்று இருபது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை பட்டது மகள்தான்.

அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடச் சட்டையையும் அப்பாவே ஓட்டல் சட்டையை வெட்டிச் சிறிதாக்கித் தைத்தார். காலர் மாற்றுவது அவருக்குக் கைவராத வேலை, அதனால் எண் அப்படியே தங்கிவிட்டது. பின் பெஞ்சுக்காரி ஒருத்தி காலரைத் திருப்பிப் பார்த்து உரக்கப் படித்தாள். அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை அவளுக்கு அதுதான் பெயர், நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாள் உட்கார்ந்து பிளேடால் சுரண்டோ சுரண்டென்று சுரண்டினாள். எண் போகவில்லை, காலர்தான் கிழிந்தது. "உங்களால ஒரே ஒரு சட்டை வாங்கித் தர முடியாதா?" என்று கேட்டாள். அவர் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனாள். அந்தக் கேள்வியை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

மகள் வளர்ந்து, கெட்டிக்காரியாகி, பழைய துணிகளைச் செப்பனிட்டு விற்கும் கடை வைத்தாள். கடைக்கு என்ன பெயர் வைத்தாள் என்று நினைக்கிறீர்கள்? நானூற்றுப் பன்னிரண்டு. கடையில் விற்கும் ஒவ்வொரு உடுப்பின் காலரிலும் அந்த எண்ணை நூலால் பின்னிய சிறு நாடா இருக்கும். முதலில் பார்த்தபோது இஸ்திரிக்காரருக்குப் பகீரென்றது. ஆறிய புண்ணாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கடை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனதற்கு ஒரு கூட்டம் வைத்தாள். 'பூமிக்கு நோகாத அலமாரி' என்று தலைப்பு. வருகிறவர்கள் ஆளுக்கொரு உடுப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துப் போக வேண்டும். அப்பா முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் சபைக்காவது அடுத்தவன் சட்டையில் போகக் கூடாது என்று முடிவு செய்து, கடைக்குப் போய்ப் புதுச்சட்டை ஒன்று வாங்கினார். வெளிர்நீலம். தேய்க்கவே வேண்டாத துணி. தேய்த்துத் தேய்த்தே தோள் இறங்கிப்போன மனிதர் வேறு எதை வாங்குவார்? குண்டூசிகளைப் பிடுங்கியதும் காலரைத் திருப்பிப் பார்த்தார். வெறும் வெள்ளை. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

முக்கால் மணி நேரம் பஸ்ஸில் அந்தச் சட்டையோடு போனார். வாசலிலேயே மகளின் முகம் சுருங்கியது. கையைப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

"என்னப்பா இது, பாலியஸ்டர். துவைக்கத் துவைக்கப் பிளாஸ்டிக் தூள்தான் தண்ணியில போகும். அதுவும் இன்னிக்குப் பாத்தா?"

"புதுசும்மா."

"அதுதாம்ப்பா பிரச்சினை."

அவர் வீட்டிலிருந்து அவள் முன்கூட்டியே எடுத்து வந்திருந்த சாம்பல் சட்டையை நீட்டினாள். முழங்கையில் ஒட்டு, காலரில் முன்னூற்று ஏழு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்றாள். அவர் புதியதைக் கழற்றி, கடைமடிப்பு கலையாமல் மடித்து, அங்கிருந்த துணிப் பெட்டியின் மேல் வைத்தார்.

கூட்டத்தில் மகள் நன்றாகப் பேசினாள். அந்தக் கிழிந்த பள்ளிச் சட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தாள். ஒட்டின் மேல் தனி விளக்கு வேறு. துணியை வீணாக்கக் கூடாது என்று அப்பா அப்போதே நினைத்தாராம். அந்த எண்ணை அவள் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தாளாம். இஸ்திரிக்காரருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது. நாலு பேர் முன்னால் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். முப்பது வருஷம் அவர் சுமந்த குற்றத்தை நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

முன்வரிசை அம்மாள் ஒருத்தி எழுந்து, அந்தக் காலத்திலேயே இந்த எண்ணம் எப்படி வந்தது ஐயா என்று அவரைக் கேட்டாள். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற சட்டை இல்லம்மா" என்றார்.

சபை சிரித்துக் கைதட்டியது. எவ்வளவு அடக்கம் என்று பக்கத்தில் யாரோ மெச்சினார்கள். மகளும் கைதட்டினாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு பின்னறைக்குப் போனார். பெட்டியும் இல்லை, சட்டையும் இல்லை. பெட்டியில் இருந்ததை எல்லாம் மாற்று மேஜையில் பரப்பிவிட்டார்களாம்.

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. நல்லதுதானே, நீங்க எப்படியும் போடப்போறதில்ல." மகள் மேஜையில் மிஞ்சியதைக் கிளறி ஒரு பழுப்புச் சட்டையை அவர் தோளில் வைத்துப் பார்த்தாள். "இத எடுத்துக்கோங்க. ஒண்ணு குடுத்தா ஒண்ணு எடுக்கணும்."

பழக்கத்தில் அவர் கை காலரைத் திருப்பியது. புது நாடாவில், அழகான நூல் வேலையில், நானூற்றுப் பன்னிரண்டு.

"அளவு சரியா இருக்காப்பா?"

"அடுத்தவன் சட்டை எனக்கு என்னிக்கும்மா சரியா இல்லாம போச்சு?" என்றார் இஸ்திரிக்காரர்.