கார்த்திகையில் எடுத்த பொங்கல்

அந்த வருசம் நாங்கள் பொங்கலைக் கார்த்திகையிலேயே வைத்துவிட்டோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேற்கே மலை தெரியாதபடி மேகம். கடைக்குக் கரும்பு வரும் காலம் இல்லை என்பதால் தேவதானத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டு, சரியாக முற்றாத ஒரு கரும்பை பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

"என்ன தாயி, அதுக்குள்ள பொங்கல் வந்திருச்சா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு வந்திருச்சுண்ணே" என்றேன்.

வீடு என்றால் நானும் அண்ணன் பெண்டாட்டி மதினியும்தான். அண்ணன் பட்டாளத்தில், வடக்கே இருந்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ராஜபாளையத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் பில் போடும் வேலை பார்த்தேன். மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். சமைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அதை விளையாட்டாகப் போனில் வீடியோ எடுத்து நெட்டில் போட்டேன். சமையலைவிட அவள் பேச்சு ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அதுவே ஒரு தொழிலாகி, மசாலாக்காரர்களும் பால்கோவா கடைக்காரர்களும் விளம்பரம் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து திட்டம் போடுவோம். சுவரில் தொங்கும் நாள்காட்டியை மதினி மடியில் வைத்துப் புரட்டுவாள். நான் போனில் கட்டம் கட்டமாக அடிப்பேன். எந்த நாள் விரதம், எந்த நாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் என்ன போடலாம், சப்பட்டை மாம்பழம் எப்போது இறங்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். எடுத்து முடித்ததன் கட்டத்தைப் பச்சையாக்கி, நாளும் நேரமும் குறித்து வைத்துவிட்டால் வீடியோ தானாகப் போய் ஏறிக்கொள்ளும். பண்டிகை அன்றைக்கு எடுத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தோம். ஐப்பசியில் மார்கழிக் கோலம் போட்டோம். பூசணிப்பூ கிடைக்காமல் அரளியைச் செருகினோம்.

"ஊருக்கு ஒரு காலம், நமக்கு ஒரு காலம் நடக்குதுடி" என்று மதினி சிரிப்பாள்.

மாடியில் பொங்கல் வைத்த அன்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பொங்கலுக்கு அண்ணன் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் ஏற்கெனவே வந்துவிட்டதாகவே பேசிவிடலாம் என்றாள்.

"இந்தப் பொங்கலுக்கு எங்க வீட்டுல அவிய வந்திருக்காவ. கேமரான்னா கூச்சம், பின்னால நின்னு கரும்பு வெட்டுதாவ" என்று பேசிக்கொண்டே வந்தவள், படிப்பக்கம் திரும்பி, "என்னங்க, கரும்பு வெட்டியாச்சா?" என்று கூப்பிட்டாள்.

"செத்த நேரம் சும்மா நில்லுங்க மதினி, பதில் வர்ற மாதிரி இருக்கட்டும்" என்று நான் சைகை காட்டினேன். அவள் தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நின்றாள். பிறகு சிரித்து, "அப்போ கையக் கழுவிட்டு வாங்க, பால் பொங்கப் போகுது" என்றாள். அந்த வெறும் இடத்தில் ஒரு காக்கை கத்தியது மட்டும் பதிவாகியிருந்தது. வெட்ட வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை பாதி ஆகும் முன்னால் மதினி போய்விட்டாள். காலையில் தலைவலி என்று படுத்தவள் மத்தியானம் பேச்சில்லாமல் கிடந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாளே முடிந்துவிட்டது. அவளை எடுக்க அண்ணன் வந்து சேரட்டும் என்றுதான் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். திடீரென்று கூடத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது.

"வாங்க, வாங்க. சாப்பிட்டாச்சா? மழைக்கு இதமா இன்னைக்கு நம்ம வீட்டுல கொள்ளு ரசம்."

துக்க வீட்டில் வந்தவர்களை வாங்க என்று கேட்கக் கூடாது. வந்திருந்த அத்தனை பேரும் அதற்காகவே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி போனை என்னவோ நோண்டும்போது அது தானாக ஓடிவிட்டது. அவள் பதறி அணைக்கப் பார்த்ததில் சத்தம் கூடிப்போய், "போயிட்டு வாரேன், நாளைக்குப் பாப்போம்" என்பதுவரைக்கும் எல்லாரும் கேட்டோம். நாங்கள் நேரம் குறித்து வைத்தது சரியாக அந்த நேரத்துக்கு ஏறியிருக்கிறது. அந்த மூன்று நாளில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அண்ணன் கொல்லையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றான். "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டான்.

"பொங்கல் வரைக்கும் இருக்குண்ணே."

"எல்லாத்தையும் நிப்பாட்டு."

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். காரியம் முடிந்து அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பினான். வீட்டில் நான் மட்டும். போன் மட்டும் ஓயவில்லை. அக்கா ஏன் வரவில்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று மதினியின் வீடியோ பார்ப்பவர்களிடமிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் இவற்றுக்கு மதினி சொல்லச் சொல்ல நான்தான் பதில் அடிப்பேன். இப்போது ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மதினியின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகள் ஒருத்தியைத் தவிர அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தினம் சாயங்காலம் போனைத் தொறந்து பாக்கேன். அந்த ரசத்துக்குப் பொறவு ஒண்ணுமே வரலியே."

"அண்ணன் நிப்பாட்டச் சொல்லிட்டாவ அத்தை."

"அவ பேசி வச்சது இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். காலித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அது அவ பாடுபட்டது. நீ ஏன் பூட்டி வைக்கே? எனக்கு மட்டும் காட்டாத. அவ ஊருக்குப் பேசுனவ. ஊருக்கே காட்டு" என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் காற்று வீசும் சத்தம் கேட்டது. கடைசியில், "அத்தை சொன்னா போடு. பொங்கலை மட்டும் போடாத" என்றான். பொங்கலில் அவள் என்ன பேசியிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எடுத்த அன்றைக்கே அவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மார்கழி முதல் தேதி காலையில் முதல் கோலம் ஏறியது. எங்கள் வாசல்தான் அது. மதினி குனிந்து இழை இழுத்துக்கொண்டே, பனி எப்படிக் கொட்டுது பாருங்க என்கிறாள். அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன். துக்க வருசம் என்று வாசலில் கோலம் கிடையாது. தண்ணீர்கூடத் தெளிக்காமல் தரை காய்ந்து கிடந்தது. பால் ஊற்ற வந்த அக்கா அந்த வெறும் தரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளும் போனில் பார்த்திருப்பாள் என்று தெரிந்தது. பாலை ஊற்றிவிட்டு, வாசலை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனாள், அங்கே நிஜமாகவே ஒரு கோலம் கிடப்பதுபோல.

மார்கழி முழுக்க அப்படித்தான் நடந்தது. போனில் வாசல் நிறைந்திருக்கும், கதவைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. சில நாள் நான் கதவைத் திறக்காமலே கொல்லைவழியாகக் கம்பெனிக்குப் போனேன். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "உங்க மதினி இன்னைக்குப் போட்டிருந்த சேலை எங்க எடுத்தது?" என்று கேட்டாள். மதுரையில் எடுத்தது என்று மட்டும் சொன்னேன்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். இரண்டு வீட்டிலும் பொங்கல் இல்லை. அத்தை தனியாக இருக்க வேண்டாம் என்று நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தோம். தெருவெல்லாம் குலவைச் சத்தம். சோறு சாப்பிட்டு இலையை எடுத்த பிறகு அண்ணன், "அதைக் காட்டு" என்றான்.

போனைச் செம்பில் சாய்த்து வைத்தேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். செங்கல் அடுப்பு, ஈர மாடி, பின்னால் மேகம் எல்லாம் வந்தது. அவிய வந்திருக்காவ என்று மதினி சொன்னபோது அண்ணன் தலை குனிந்துகொண்டான். அவள் திரும்பினாள்.

"என்னங்க, கரும்பு வெட்டியாச்சா?"

அந்த வெறும் இடம் வந்தது. காக்கை கத்தியது.

"ஆச்சு" என்றான் அண்ணன். பக்கத்து அறையில் இருப்பவளுக்குச் சொல்வதுபோல, சாதாரணமாக.

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்போ கையக் கழுவிட்டு வாங்க, பால் பொங்கப் போகுது" என்றாள்.

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் அங்கே விளக்கின பாத்திரத்தையே மறுபடியும் விளக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். மறுநாள் ரயிலேறிப் போனான். இன்றுவரை அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

தை முதல் வாரத்தில், எடுத்து வைத்தது எல்லாம் தீர்ந்தபிறகு, நானும் அத்தையும் ஊருக்குச் சொன்னோம். படத்தை அத்தை தேர்ந்தெடுத்தாள். மதினி போய்விட்டாள், கார்த்திகையிலேயே போய்விட்டாள் என்று நான் எழுதினேன். ஆயிரம் பேர் அழுதார்கள். சிலர் நம்பவில்லை. "பொய் சொல்லாதீங்க, போன வாரம்கூடக் கோலம் போட்டாங்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அத்தை அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கம்பெனி வேலையோடு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் நெட் பக்கத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கும் திட்டம் போட வேண்டும். தீபாவளிக்கு எடுப்பதை முன்னாலேயே எடுக்கலாமே என்று கடைக்காரர் கேட்கிறார். அந்த வாரத்துக்கு அந்த வாரம் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

போன மாதம் அந்தக் கடையிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காதில் எதுவும் மாட்டாமல் போன் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் மதினி மாங்காய்ப் பச்சடி கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லம் கூடிப்போச்சே என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளும் இடத்தில் இந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவங்க நல்லா பேசுவாங்க, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேன்" என்றேன்.

நானும் பார்க்கட்டும் என்று அவள் போனை நடுவில் பிடித்தாள். அவள் இறங்கும் இடம் வரும்வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டு போனோம்.