ஐந்தாவது கம்பம்

மூடிக் கிடந்த எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை உல்லாச விடுதியாக மாற்றுவதென்று முடிவானபோது, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. குடியிருந்தவை வௌவால்கள். கொழுந்து வாட்டும் மேல்தட்டின் கூரை இடுக்குகளில், கட்டைவிரல் அளவு உடம்போடு நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டக் கூடாது, மாற்று வீடு கொடுத்துத்தான் வெளியேற்ற வேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ் சொன்னார். தொழிற்சாலைக்கு மேலே, தேயிலைகூட வேர்பிடிக்காத பாறைத்திட்டில், ஐந்து கம்பங்களின் உச்சியில் ஐந்து மரப்பெட்டிகளைப் பொருத்துவது என்று தீர்மானித்தார்கள்.

குழி தோண்டும் வேலை அப்பாவுக்கும் மாமாவுக்கும் கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி; நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவில் இருந்தார். முதல் நாள் காலை மிஸ் அவர்களிடம் விதிகளை விளக்கினார். பெட்டிக்குக் கறுப்பு வர்ணம் பூச வேண்டும். காலை வெயில் நேராக விழ வேண்டும். முக்கியமாக, ஒரு சொட்டு மழைத்தண்ணீர்கூட உள்ளே இறங்கக் கூடாது. எங்கள் லயத்தின் கூரைத் தகரம் அப்போது மூன்று இடங்களில் ஒழுகிக்கொண்டிருந்தது. மிஸ் அப்பால் போகும்வரை காத்திருந்து மாமா சொன்னார்:

“அடுத்த சென்மத்துல வவ்வாலாப் பொறந்துட வேண்டியதுதான் மச்சான்.”

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறை. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் அப்பாவோடு மலைக்குப் போனேன். இரண்டாம் நாளே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அந்தத் திட்டில் மண் என்பது பாறையின்மேல் போர்த்திய துணி மாதிரி. எங்கே ஆழம், எங்கே கல் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அலவாங்கு என்ற கனத்த கடப்பாரையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்ப்பார்கள். அந்தக் கம்பியை என்னிடம் கொடுத்தார்கள். நான் குத்திப் பார்த்து, உரத்த குரலில் ‘கல்லு’ என்றோ ‘மண்ணு’ என்றோ அறிவிக்க வேண்டும். மண் என்றால் எத்தனை முழம் என்றும் சொல்ல வேண்டும். மிஸ் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். யாரும் என் பெயரை அதுவரை அப்படி எழுதியதில்லை. அவர் சரி பார்ப்பதற்குள் நானே இரண்டு தடவை குத்திச் சரி பார்த்தேன்.

நாள் முழுவதும் நான் சொன்ன சொல் பெரும்பாலும் ‘கல்லு’தான். நான்கு குழிகளுக்கு மூன்று நாட்கள் ஆயின. அலவாங்கு பாறையில் மோதும்போது அப்பாவின் தோள்வரை அதிர்வது தெரியும். மூன்றடி ஆழம் வேண்டுமென்று மிஸ் கேட்டார். இரண்டடிக்கு மேல் எங்கேயும் இறங்கவில்லை. மீதியைச் சுற்றிலும் கல் அடுக்கியும் சீமெந்து ஊற்றியும் ஈடு செய்தார்கள்.

இங்கே இன்னொரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் மழைக்காலத்தில் அம்மா பிள்ளை பெறுவதற்காக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு நாட்களில் வெறும் கையோடு திரும்பி வந்தார். தம்பிப் பாப்பா வர மாட்டான் என்று மாமா மட்டும் என்னிடம் சொன்னார். அப்படியென்றால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறானா என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நான்காம் நாள் காலை, ஐந்தாவது கம்பத்துக்கு இடம் தேடி மிஸ் திட்டின் கிழக்கு ஓரம்வரை நடந்தார். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் கூட வந்தார். இரண்டு பெரிய பாறைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஓர் இடத்தில், அவற்றுக்கு நடுவே, மிஸ் நின்றார்.

“அண்ணன், இந்த இடம் நல்லம். வெயில் நேரா விழும்.”

அப்பா உடனே பதில் சொன்னார். “அங்க கல்லுங்க மிஸ். அடியில பூராவும் கல்லு.”

“சின்னக் கல்லு இல்லைங்க,” என்று மாமா சேர்ந்துகொண்டார். “அதத் தோண்டி எடுத்தா நோட்டன் பிரிட்ஜ் டேமுக்கு இன்னொரு செவரே கட்டலாம்.”

மிஸ் சிரித்தார். நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் என் தம்பி இருந்தான். இறந்த பிள்ளையை ஒரு பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த அந்த வாரம், மயானத்துக்குப் போகும் பாதையை மண்சரிவு மூடியிருந்தது. அப்பாவும் மாமாவும் பெட்டியோடு மழையில் இந்தத் திட்டுக்கு ஏறினார்கள். பல இடங்களில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் கல். அலவாங்கு இறங்கிய இடம் இது ஒன்றுதான். பெயர் வைக்காத பிள்ளைக்கு அடையாளக் கல் வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் ஒரு வருடத்தில் புல் மூடி அது மற்ற நிலத்தைப் போலவே ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு நான் புறப்பட்ட வாரத்தில் மாமா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். அன்று காலை அந்தத் திட்டில் நின்ற ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மட்டுமே இது தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த இடத்தை யாரும் குத்திப் பார்க்கவில்லை என்பதுதான். குத்திப் பார்க்காமல் ‘கல்’ என்று எழுதுவது முறையல்ல. நான் கம்பியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பாறைகளுக்கும் நடுவே ஊன்றினேன். அது என் பலம் தேவையில்லாமலே இறங்கியது.

“மண்ணு மிஸ். கல்லே இல்ல. ரெண்டு முழம் போகுது.”

இன்னும் போகும் என்று காட்டுவதற்காக மறுபடியும் அழுத்தினேன். “போதும், எடு,” என்றார் அப்பா. அவர் குரலை நான் அவ்வளவு தணிவாகக் கேட்டதில்லை.

கண்டாக்கு ஐயா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னப்பா, நாலு குழியிலயே கை வலிச்சுப் போச்சா? சொல்லியிருந்தா வேற ரெண்டு பேர அனுப்பியிருப்பேன். அதுக்கு எதுக்குப் பொய்யி?” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மிஸ்ஸுக்குத்தான் சங்கடமாகிவிட்டது; களைப்பாக இருந்தால் நாளைக்கு வேறு ஆட்கள் தோண்டட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘இரண்டு முழம்’ என்று எழுதி, என் பெயரையும் எழுதினார்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார்.

“வேற ஆளு வேணாங்க ஐயா. நானே தோண்டுறேன்.”

ஐந்தாவது வௌவால் பெட்டியைக் கொண்டுவருவதற்காக மிஸ்ஸும் கண்டாக்கு ஐயாவும் கீழே இறங்கினார்கள். அப்பா என்னை லயத்துக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச் சொன்னார். எப்போதும் ‘ஓடிட்டு வா’ என்பவர், அன்று “அவசரப்படாம வா” என்றார். வளைவில் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். அலவாங்கு ஒரு பக்கமாகக் கிடந்தது. அப்பா முழங்காலில் இருந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அள்ளி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். மாமா அப்பாவுக்கு முதுகு காட்டி, பாதையை மறைத்தாற்போல நின்றார். கையாலேயே அள்ளுமளவுக்கு அது மென்மையான மண் என்று நினைத்தேன். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கம்பம் நின்றிருந்தது. அப்பா அதன் அடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் வெறும் பனியனோடு இருந்தார். மாமாவைக் காணவில்லை. தேத்தண்ணீரில் சீனி போட மறந்திருந்தேன். குடித்து முடிக்கும்வரை அப்பா அதைச் சொல்லவே இல்லை. ஐந்து கம்பங்களில் நேராக நிற்பது இதுதான் என்று கண்டாக்கு ஐயா பாராட்டினார்.

சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வந்தார். எதிர் மலையில்தான் அன்று கொழுந்து பறித்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் திட்டு முழுவதும் தெரியும். கூடையை இறக்காமலேயே வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தார்.

“சட்டை எங்க?”

“மச்சான்கிட்ட குடுத்தேன். பைனஸ் மரக் காட்டுக்குக் கொண்டு போயிருக்கான்.”

அம்மா காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “தண்ணி நிக்காத எடந்தானே?”

“நிக்காது. மேடு.”

அம்மா கூடையை இறக்கி வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அழவில்லை, ஆனால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு சட்டைக்காக யாரும் இவ்வளவு வருந்தி நான் பார்த்ததில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு நான் போய் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். காடு எனக்குத் தெரியும், பயமில்லை என்றும் சொன்னேன்.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, என் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டார். “வேணாம்மா. அங்கயே இருக்கட்டும்.”

அது நல்ல சட்டை. கழுத்துப் பட்டி மட்டும்தான் நைந்திருந்தது. அதை ஏன் காட்டில் விட்டுவிடுகிறார்கள் என்று படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எல்லார் முன்னாலும் பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்ட வெட்கம் என்று எனக்கு விளங்கியது. கல்லென்று அவர் சொன்னது தவறுதான். ஆனாலும் அவரை மன்னித்துவிடலாம் என்று, அவருடைய முதுகைப் பார்த்தபடி, நான் முடிவு செய்தேன்.