பதினொரு மணி மிஸ்டு கால்

அஞ்சம்மாவுக்கு அவள் மகளிடமிருந்து வந்துகொண்டிருந்த ஒரே செய்தியை அடைத்தவன் நான். தினமும் காலை பதினொரு மணிக்கு என் போன் இரண்டு முறை ஒலித்து நின்றுவிடும். தெரியாத எண். எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சலில் பிளாக் செய்துவிட்டேன்.

அஞ்சம்மா எங்கள் மாரெட்பள்ளி வீட்டில் சமையல் செய்தவள். சில நாள் கழித்து, "சார், உங்க போன் நல்லாருக்கா?" என்று கேட்டாள். "அதுக்கென்ன?" என்றேன், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

வாட்ச்மேனின் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். மகள் தகப்பனுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அஞ்சம்மா வீட்டில் ஒரே போன். அது கணவனின் சட்டைப் பையில். அதனால் மகளிடம் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு ரிங் வந்தால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருள். சமையலறையிலிருந்தே அதைக் கேட்டுக்கொள்வாளாம். மகளின் எண் அவளுக்குத் தெரியாது. அது என் போனில் மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்தேன். அஞ்சம்மா குடியிருந்த ஜீடிமெட்லா சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். ஓட்டுநர் ஆம்பூரிலிருந்து வந்து குடியேறியவர். வழியில் போயன்பள்ளியில் அவர் போன் ஒருமுறை ஒலித்து அடங்கியது.

"எடுக்கலையா?"

"நக்கோ சார், வேணாம். பீவிதான், என் வீட்டம்மா. சாப்பாடு ரெடின்னு சொல்றா. எடுத்தா அரை மணி திட்டும் சேர்ந்து வரும்."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

பாலாநகரைத் தாண்டியதும் மருந்துக் கம்பெனிகளின் நெடி. அஞ்சம்மா குழாயடியில் குடத்தோடு நின்றாள். கணவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். செய்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"நீங்களா சார்?" என்றாள். "அவ புருஷன் அடிச்சுப் போட்டுட்டானோ, எங்கயாச்சும் செத்துக் கிடக்காளோன்னு... யாரைப் போய்க் கேப்பேன்?"

தடையை நீக்கி அந்த எண்ணை அழைத்து, போனை அவள் கையில் கொடுத்தேன். மணி போயிற்று, யாரோ துண்டித்தார்கள். மறுபடி அழைக்கக் கை நீட்டினேன்.

"இருங்க சார்."

அவள் கையிலேயே போன் இரண்டு முறை ஒலித்து நின்றது. அஞ்சம்மா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இருக்கா சார். என் பொண்ணு இருக்கா."

"பேசேன் அஞ்சம்மா."

"பேச முடிஞ்சா எடுத்திருப்பாளே. அதுவும் அவ வீட்டுக்காரன் போனுதான்."

வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன். இனி மணி அடித்தால் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"நக்கோ சார்."

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் போனில் மகளின் எண்ணை ஏற்றச் சொன்னாள். அதிலிருந்து இரண்டு ரிங் விட்டாள். சற்று நேரத்தில் இரண்டு ரிங் திரும்பி வந்தது.

"இப்ப உங்க போன்ல அதை அழிச்சிடுங்க சார்" என்றாள், மரியாதையாகத்தான்.

அழித்தேன். திரையை எட்டிப் பார்த்து, அந்த எண் அங்கே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரியும் சொன்ன பிறகுதான், "டீ குடிக்கிறீங்களா?" என்று அஞ்சம்மா என்னைக் கேட்டாள்.