றெஜிக்காக விட்டுவைத்த பாதி

சூடேறிய "சோபாஜ்" மேல் தோடம்பழத் தோல் கருகும் வாசனையோடுதான் என் பதினெட்டாம் வயது எனக்கு நினைவில் எழுகிறது. ஈரக் காலுறை, ஈரக் கோட்டு, ஐந்து ஆண்களின் வியர்வை எல்லாம் ஒரே அறையில் காய்ந்துகொண்டிருக்கும்போது அந்த நாற்றத்தை மறைக்க வேறு வழி தெரியாமல், தின்ற ஆரஞ்சுப் பழத்தின் தோலை, பிரெஞ்சில் சோபாஜ் என்கிற அந்த இரும்புச் சூடேற்றியின் மேல் பரப்பி வைப்போம். ஜன்னலுக்கு வெளியே லா ஷப்பல் பாலத்தில் மெட்ரோ ஓடும்போதெல்லாம் அறை அதிர, தோல்கள் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே விழும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு இந்த ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் என் பெயரில் இரண்டு கடைகள் இருக்கின்றன. பட்டம் பெற்றவர்கள் வந்து என்னிடம் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்கிறார்கள். ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை, நானே எழும்பினேன் என்று மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன், பேசச் சொல்லாவிட்டாலும் பேசுவேன், அது என் பழக்கம். ஆனால் இப்போது சொல்ல வந்தது நான் சாதித்த கதை அல்ல. என் கண்ணுக்கு முன்னால் நடந்து, இவ்வளவு பேசுகிற என்னையே வாயடைத்து நிற்க வைத்த ஒன்று.

அந்த அறையில் என்னோடு இருந்தவர்களில் றெஜி என் ஊர்க்காரன். ஒரே கடற்கரை, ஒரே கோயில், ஒரே நாளில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான்; கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும் கலந்துகட்டிப் பாடிக்கொண்டே இருப்பான். பக்கத்துத் தெரு உணவகம் ஒன்றில் அவனுக்கு மதிய "பிளோஞ்" கிடைத்திருந்தது, அதாவது கோப்பை கழுவுகிற வேலை. எனக்கு வேறோர் இடத்தில் மாலையில் அதே வேலை. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில்தான் றெஜியின் பாட்டு நின்றது. ஊரிலிருந்து கெட்ட செய்தி ஒன்றும் வரவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை, அதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. முதலில் சவரம் செய்வதை விட்டான், பிறகு சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்தான், பிறகு ஒருநாள் வேலைக்கு எழும்பவில்லை. அதற்குப் பிறகு சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான்.

எங்கள் அறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார், நாற்பது வயது இருக்கும், எல்லாரும் "பெரியண்ணை" என்போம். அவர் அவனை எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்பை வளைச்சு உழைச்சா எல்லாம் பறக்கும், எழும்படா தம்பி" என்றார். அவன் எழும்பாததைக் கண்டு எங்களைத் தனியே கூப்பிட்டு, "டொக்டரிட்டை மட்டும் கொண்டுபோகாதையுங்கோ. விசர் எண்டு எழுதினாங்கள் எண்டால் கேஸும் போச்சு, காட்டும் போச்சு. கடுதாசியில ஏறினது கல்லில ஏறின மாதிரி" என்றார். விசர் என்றால் பைத்தியம்; எங்கள் அகதி விண்ணப்பத்தை "கேஸ்" என்போம், வதிவிட அட்டையை "காட்" என்போம். அது கிடைக்கும் வரைக்கும் எங்களுக்குக் காய்ச்சல்கூட வரக்கூடாது என்ற பயத்தில் வாழ்ந்த காலம். அவர் சொன்னதை வேதவாக்காய் எடுத்துக்கொண்டோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு உடம்பு முடியாவிட்டால் அறையில் இன்னொருவன் அவன் பெயரிலேயே அவன் வேலைக்குப் போய் நிற்பான். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்று என்பது எங்கள் எண்ணம். "இடம் பிடிச்சு வைக்கிறது" என்று அதற்குப் பெயர். நானும் அப்படியே றெஜியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மதியம் அவன் உணவகத்தில் றெஜியாக நின்றேன், மாலையில் என் உணவகத்தில் நானாக நின்றேன். பதினெட்டு வயதில் இரண்டு பேருடைய வேலையை ஒருவனாய்ச் செய்தவன் நான். கை இரண்டும் வெந்து தோல் உரிந்தது. நட்பு என்றால் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஐந்து பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவன் அருளப்பு, மன்னார்ப் பக்கத்து மீனவன் மகன், எங்கள் வயதுதான். பேசும்போது சொல் திக்கும். எந்நேரமும் செபமாலையும் கையுமாய் இருப்பதால் ஊர்க் கோயிலை நடத்துகிற மூப்பர்களின் பெயரை அவனுக்கு வைத்து, "மூப்பர், இண்டைக்குப் பூசை எத்தினை மணிக்கு?" என்று நக்கலடிப்போம். "உன்னைத்தான் பலிகுடுக்கப் போறன், நேரத்துக்கு வா" என்பான், திக்கித் திக்கி. விடியற்காலையில் அலுவலகங்கள் துடைக்கப் போய், மதியத்துக்கு முன் திரும்பிவிடுவான். பின்னேரம் முழுக்க றெஜியின் மெத்தைக்குப் பக்கத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். புத்திமதி சொல்லமாட்டான், எழும்பு என்றும் சொல்லமாட்டான்.

ஒருநாள் மதிய வேலை முடிந்து நான் கதவைத் திறக்கும்போது உள்ளே றெஜியின் குரல் கேட்டது. பல நாட்களுக்குப் பிறகு கேட்ட குரல் என்பதால் அப்படியே நின்றுவிட்டேன். "அங்கை றெஜி ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறான், அருளப்பு. நான் இல்லாமலே றெஜி நல்லா ஓடுறான். பிறகு நான் என்னத்துக்கு?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை வெந்து உழைக்கிறேன், நன்றி கெட்டவன் பேசுகிற பேச்சைப் பார் என்று சப்பாத்தை உதறி எறிந்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அருளப்பு வழக்கம்போல் செபமாலையை எடுத்தான். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செபமாலையில் ஒவ்வொரு மன்றாட்டும் இரண்டு பாதி. முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லவேண்டும். தனியே இருந்தால் இரண்டையும் ஒருவரே சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் அருளப்பு முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். பின்பாதி சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான். றெஜி அசையவில்லை. அருளப்பு அடுத்த மணியைப் பிடித்து மறுபடி முன்பாதி, மறுபடி மௌனம். ஐம்பத்து மூன்று மணிக்கும் அப்படியே. செபத்தில் மட்டும் அவனுக்கு நாக்குத் திக்காது என்பதை அன்றுதான் கவனித்தேன். அன்று மட்டுமல்ல, அதற்கு முன்பும் பல நாட்கள் இதுவேதான் நடந்திருக்கிறது; நான் இரண்டு வேலைக்கும் நடுவில் தூங்கி வழிந்ததில் கண்டுகொள்ளவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா மூப்பர், அவன் சொல்லான் எண்டு தெரியுதெல்லோ. அவன்ர பாதியையும் நீயே சொல்லி முடியன்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அது அ... அவன்ர பாதி, மச்சான். அதையும் நான் எடுத்தா அவனுக்கு என்ன மிஞ்சும்?"

நக்கலாகப் பதில் சொல்ல வாயெடுத்தவன், என் வெந்த கைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் பிடித்து வைத்ததாக நினைத்த இடத்தில் றெஜிக்கு நிற்க இடமில்லாமல் போயிருந்தது என்பது, எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு விளங்குகிற மாதிரி, மெதுமெதுவாக விளங்கியது.

அடுத்த நாள் மதியம் உணவகத்துக்குப் போனதும், நாங்கள் "பத்ரோன்" என்கிற முதலாளியின் முன்னால் போய் நின்றேன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல் இருபது தேறாது. நான் றெஜி இல்லை, றெஜிக்கு வருத்தம், உடம்பு முடியவில்லை, வீட்டில் படுத்திருக்கிறான் என்று கையாலும் தலையாலும் சொல்லி முடித்தேன். இதோடு இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அந்த நெட்டை மனிதர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தொண்டையில் கையை வைத்து "லா லா லா" என்று பாடிக் காட்டி, "ரெஜி" என்றார். பிறகு மூலையில் இருந்த உடைந்த கோப்பைகள் போடும் தொட்டியைக் காட்டி, என் நெஞ்சில் விரலால் குத்தினார். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியாக அவர் கேட்டது எனக்கு விளங்கிய ஒரே கேள்வி: அவன் எப்போது வருவான்?

வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாய் அறைக்கு வந்து அவன் முதுகைப் பார்த்து இதைச் சொன்னேன். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "எத்தினை கோப்பை உடைச்சனி?" என்றான்.

"ஒரு பத்து இருக்கும்."

"பொய். நீ பத்தோட நிக்கிற ஆளோ?"

அருளப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கண்ணால் நீர் ஓடியது.

இரண்டு மூன்று நாள் கழிந்த ஒரு பின்னேரம் அது நடந்தது. அருளப்பு முன்பாதி சொல்லி நிறுத்தினான். மெட்ரோ ஒன்று போய் முடிந்தது. அந்த மௌனத்துக்குள் றெஜியின் குரல், துருப்பிடித்த கப்பியில் கயிறு ஏறுகிற மாதிரி, பின்பாதியைச் சொல்லத் தொடங்கியது. அந்தப் பாதியில் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று ஓரிடம் வரும். "இப்பொழுதும்" வரைக்கும் வந்தவன் அதற்கு மேல் போகமுடியாமல் நின்றான். அருளப்பு மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. "காணும் மச்சான். இ... இண்டைக்கு அவ்வளவும் காணும்" என்றான். நான் கோயிலில் எத்தனையோ பெரிய பூசைகள் கண்டிருக்கிறேன். ஆயர்கள் வந்த திருநாள்கள் கண்டிருக்கிறேன். கடவுள் ஓரிடத்துக்கு வந்து நின்றார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்கு அந்த நாறுகிற அறையில்தான்.

றெஜி அப்போது எங்கள் பக்கம் திரும்பினான். தான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது என்று பல நாளாய் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னான். அருளப்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அது நீ கதைக்கிறதில்லை, வருத்தம் கதைக்குது. செபம் நான் சொல்லுறன். மருந்து டொக்டர் தருவார். எ... எழும்பு, போவம்" என்றான்.

பெரியண்ணை வாசலில் குறுக்கே நின்றார். "விளங்காமல் நிக்கிறாய், தம்பி. காட் கிடையாமல் போனால் இவனைத் திருப்பி அனுப்புவாங்கள்."

"காட் இல்லாட்டி வேற வழி தேடலாம் அண்ணை," என்றான் அருளப்பு, ஒரு சொல்லும் திக்காமல். "றெஜி இல்லாட்டி?"

பெரியண்ணை வாசலை விட்டு விலகினார். பிறகு ஆணியில் தொங்கிய தன் நல்ல கம்பளிக் கோட்டை எடுத்து றெஜிக்குப் போட்டுவிட்டு, பொத்தானையும் தானே பூட்டிவிட்டார்.

வைத்தியசாலையில் மூன்று பேருடைய அரைகுறைப் பிரெஞ்சையும் சேர்த்துப் பிசைந்து சொன்னோம். அந்த வைத்தியப் பெண்மணி பொறுமையாய்க் கேட்டார். சோம்பலும் இல்லை, விசரும் இல்லை, இதற்கு மருந்து உண்டு என்றார். அவர் எழுதிய கடுதாசியால் றெஜியின் கேஸுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை; கல்லில் ஏறியது எங்கள் பயம்தான். மருந்து உடனே கேட்கவில்லை, நல்ல நாளும் கெட்ட நாளுமாய் வசந்தம் வரை இழுத்தது. ஒரு நாளும் அவன் தனியே கிடக்கவில்லை. மரங்கள் துளிர்த்த பிறகு ஒரு மதியம் அவன் தன் ஏப்ரனைத் தானே கட்டிக்கொண்டு போனான். உணவகத்தின் பின்கதவு வழியாகப் பாட்டுக் கேட்கிறதா என்று நான் சந்தில் நின்று காது கொடுத்தேன். அன்று கேட்கவில்லை. அடுத்த கிழமை கேட்டது.

இப்போது அந்த அறை இல்லை. கட்டடத்தை உள்ளால் உடைத்துப் புதிதாக்கி, வாசலில் இலக்கம் அழுத்தித் திறக்கிற பூட்டு வைத்துவிட்டார்கள். பெரியண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். அருளப்பு காலமாகி நான்கு வருடம். றெஜிதான் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினான். ஒருவர் பெயரில் ஒருவர் வேலைக்குப் போகிற வழக்கமும் ஒழிந்தது, நல்லதுதான். ஐந்து பேர் ஒரே அறையில் கிடந்த காலமும் ஒழிந்தது, அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திறப்பு. ஒருவன் சுவரைப் பார்த்துப் படுத்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

றெஜி ஸ்தேன் என்கிற புறநகரில் இருக்கிறான், பேரப்பிள்ளை கண்டுவிட்டான். சில குளிர்காலங்களில் அந்த வருத்தம் மெல்ல எட்டிப் பார்க்கும். "வருது போல கிடக்கு, வா" என்று அவனே தொலைபேசியில் சொல்லுவான், நான் கடையை மகளிடம் விட்டுவிட்டுப் போவேன். போன மாதம் இருவரும் அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் என் பழக்கத்தில், "இரண்டு பேர்ர வேலையை ஒருத்தனாய்ச் செய்தனான், உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று தொடங்கினேன்.

"அது எனக்கு உதவேல்லை, உனக்குத் தெரியும்தானே" என்று சிரித்தான். பிறகு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நான் சுவரைத்தான் பார்த்தனான். ஆனால் முதுகுக்குப் பின்னால ஆர் இருக்கிறது, ஆர் எழும்பிப் போறது எல்லாம் தெரியும். அருளப்பு பூசைக்குப் போன ஒருநாள், நீ அவன் இருக்கிற இடத்தில வந்து இருந்தனி. ஒண்டும் கதைக்கேல்லை. அஞ்சு நிமிஷம் இருக்கும், பிறகு வேலைக்கு ஓடிட்டாய். அண்டைக்கு நான் செத்துப்போகாமல் இருந்தது அந்த அஞ்சு நிமிஷத்தாலதான்."

செய்ததையெல்லாம் நாள் கணக்காய்ச் சொல்லித் திரிகிறவன் நான். வீடு வந்து இரவெல்லாம் தேடினேன், இன்னும் தேடுகிறேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு நினைவில் இல்லை.